முனியய்யா கோயில் வளைவும் ஒரு டர்போ காரும்

என் கணவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்த வருடத்தில்தான், டர்போ வைத்த கார் வாங்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வந்தது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன். "ஓட்டப் போறது நானு. பள்ளிக்கூடத்துக்குப் போற டீச்சருக்கு எதுக்குங்க ரேஸ் காரு? லேட்டா வர்ற பிள்ளைகளத் தொரத்திப் பிடிக்கவா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் இது விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது.

அவர் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவர். வயதின் நல்ல பகுதி முழுவதும் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையில் ரோட்டிலேயே கழிந்தது. மொபெட்டில் ஆரம்பித்து, பைக்குக்கு மாறி, கடைசியில் ஒரு டீசல் காரில் வந்து நின்றார். அது அவர் ஆசைப்பட்ட கார் இல்லை. ஆசைப்பட்டதை வாங்கலாம் என்று கிளம்பும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒரு தடவை அவருடைய அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர். ஒரு தடவை எங்கள் மகளின் படிப்பு. பிறகு அந்த மகளின் கல்யாணம். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று அவரே சொல்லிவிடுவார். பிறகு கார் கம்பெனிக்காரன் கொடுத்த வண்ணப் படப் புத்தகத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்.

சர்க்கரை வந்தது. அதையும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வைத்திருந்தார். இடது கண் போன பிறகுதான் மதுரைக்குப் போனோம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். வலது கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் ஒழுங்காக வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இவர் இரண்டு தடவை வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. "வலது நல்லாத்தேன் இருக்கு. ஓரத்துலதேன் கொஞ்சம் மங்கல். சும்மா சும்மா ஊசியக் குத்திக்கிட்டு" என்பார். ஒரு நாள் வீட்டு கேட் தூணில் காரை உரசினார். இறங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன்.

வீடு காரைக்குடியில், எனக்கு வேலை தேவகோட்டையில். கணக்கு டீச்சர். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று அவரும் தினமும் கூடவே வருவார். தேவகோட்டையில் அவருடைய அக்கா வீட்டில் இறக்கிவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவேன். வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வருவார். ரஸ்தா பஸ் ஸ்டாப்பைத் தாண்டினால், "நெருக்காம போ, முன்னால லாரி நிக்கும்" என்பார். அமராவதிபுதூர் வந்தால், யாருக்கு அங்கே என்ன மருந்து கொடுத்தேன் என்று கதை. கண்மாய்க்கரை வந்தால், "தண்ணி எறங்கிருச்சு" என்பார். கண்மாயைத் தாண்டி ஒரு வளைவு. அந்த வளைவில் முனியய்யா கோயில்.

எங்கள் பக்கத்தில் எந்த டிரைவரும் அந்தக் கோயிலைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடிக்காமல் போக மாட்டார். வழிக்குக் காவல் முனியய்யா. அவரிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். என் கணவரும் ஓட்டிய காலமெல்லாம் அடித்தவர். நான் மட்டும் அடிக்க மாட்டேன். "ஒரு ஹாரன் அடியேன், கொறஞ்சா போயிருவ?" என்பார். "ஊர் பூராம் அடிச்சு அடிச்சு சாமிக்கு இந்நேரம் காது போயிருக்கும். நானாச்சும் சும்மா போறேன், விடுங்க" என்பேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி, கோயிலைப் பார்த்துக் கும்பிடுவார். ஒரு நாளும் தவறியதில்லை. சரியாகக் கோயில் வாசல் எதிரே வரும்போது கை குவியும். அதைப் பார்க்கும்போதெல்லாம், வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் மனதைத் தேற்றிக்கொள்வேன்.

டர்போ ஆசை அவருக்குச் செல்போனில் வந்தது. யாரோ வண்டியை ஓட்டிக்கொண்டே பேசும் வீடியோக்களை நாள் முழுக்கப் போட்டுக் கேட்டார். எஞ்சின் விட்ட புகையையே மடக்கி ஒரு குட்டிக் காற்றாடியைச் சுற்ற வைத்து, அந்தக் காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது என்று எனக்குப் பாடம் நடத்தினார். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மீதியை, வேலையை விட்டபோது கம்பெனியிலிருந்து அவருக்கு வந்த பணத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார். "நீதேன் ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். மிதிச்சா முதுகு போய் சீட்டுல ஒட்டுமாம். அது ஒண்ணுதேன் எனக்கு வேணும்" என்றார். ஆயுசில் தனக்கென்று எதையும் கேட்காத மனுசர் கேட்கிறார். கொடுப்பதா, மறுப்பதா என்று நான் பல நாள் தவித்தேன்.

என் யோசனையை அவருடைய அக்காதான் முடித்துவைத்தார். என் கணவர் கொல்லையில் கை கழுவப் போயிருந்த நேரம், "கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குத்தா இம்புட்டுப் பெரிய காரு? காச எங்குட்டாச்சும் போட்டு வையி" என்றார். பாசத்தில்தான் சொன்னார், தெரியும். ஆனாலும் எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "அவுகளுக்குக் கண்ணு தெரியுது மதினி" என்று வெடுக்கென்று சொன்னேன். கடன்பட்டாவது அந்தக் காரை வாங்கி, மதினி வீட்டு வாசலில் உறும விட வேண்டும் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனோம். எங்கள் பழைய காரை ஒருவர் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். இவர் புதுக்காரைச் சுற்றி வந்து, பானட்டைத் தடவினார், கதவுப் பிடியைத் தடவினார், டயரின் மேல் வளைவைத் தடவினார். "தொட்டுப் பாருங்க சார், எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க" என்றார் விற்பனைக்காரர். ஓட்டிப் பார்க்க பைபாஸ் பக்கம் போகலாம் என்று அவர் சொன்னபோது, இவர் குறுக்கே விழுந்து, "வேணாம், நம்ம தேவகோட்டை ரோட்டுலயே போவோம்" என்றார். தெரிந்த ரோட்டில் போனால் எனக்குப் பயம் இருக்காது என்று யோசித்துத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வண்டியில் கியர் மாற்ற வேண்டியதில்லை. தானாக மாறிக்கொள்ளும். இடது கைக்கு வேலையே இல்லை. ரஸ்தா தாண்டியதும் பின்சீட்டிலிருந்த விற்பனைக்காரர், "அந்த ஸ்போர்ட் பட்டனை அமுக்கிட்டு மிதிங்க மேடம்" என்றார். மிதித்தேன். வண்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் பாய்ந்தது. இவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒட்டுச்சு! முதுகு ஒட்டுச்சுடி!" என்று கத்தினார். விற்பனைக்காரர் முன்னால் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதுகூட எனக்கு இனித்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த வேகம் பிடித்திருந்தது. அமராவதிபுதூரில் நிதானித்து, வெளியே வந்ததும் மறுபடி மிதித்தேன். கண்மாய்க்கரை ஓடிப்போனது. முனியய்யா கோயில் வளைவும் போனது.

அவர் கும்பிடவில்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கோயில் எங்கோ பின்னால் போன பிறகு, ரோட்டோரத்தில் ஒரு பஞ்சர் கடை வந்தது. வாசலில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். அப்போது இவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணை ஒரு கணம் மூடினார். இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டுவிட்டு, நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

கண்ணாடியில் விற்பனைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். கால் தானாகப் பெடலிலிருந்து எழுந்துவிட்டது. "ஏன் குறைச்சுட்ட? மிதி, மிதி" என்றார் இவர்.

பழைய காரில் அந்த வளைவுக்கு முன்னால் நான் எப்போதும் மூன்றாவது கியருக்கு இறக்குவேன். வண்டி ஒரு முனகல் முனகும், லேசாகத் தயங்கும், இடது பக்கம் சாயும். அவருக்குக் கோயில் என்பது அந்த முனகல்தான். லாரியும் கண்மாயும் எல்லாமே என் கியரிலும் பள்ளத்தின் குலுக்கலிலும் இருந்தன. கண்மாயில் தண்ணீர் இறங்கியது ஊரில் எல்லாரும் பேசுகிற செய்தி. என் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தவருக்கு எதுவுமே தெரியவில்லை. எத்தனை மாதமாக என்று நான் கேட்டுக்கொள்ளவே பயந்தேன். அந்தப் புதுக்காருக்குள் அவர் முழுக் குருடராக உட்கார்ந்திருந்தார், வாய் நிறையச் சிரிப்போடு.

ஷோரூமுக்குத் திரும்பியதும் அட்வான்ஸ் பற்றிப் பேச்சு வந்தது. "வேணாம். எனக்கு இடுப்புக்கு ஒத்துக்கல" என்றேன். இவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "நல்லாத்தான மிதிச்ச? ஒனக்கும் பிடிச்சுத்தான இருந்துச்சு?" என்றார். "பிடிக்கல. கெளம்புங்க, போவோம்" என்றேன். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. பழைய காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைத் தானே தடவி மாட்டிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "அக்கா சொன்னது ஒனக்கும் சரின்னு பட்டுருச்சாக்கும், கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குன்னு" என்றார். கொல்லையில் கை கழுவியபோது அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. இல்லை, அதற்காக இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தக் காரில் நீங்கள் தொலைந்துபோகிறீர்கள், இந்த ஓட்டைக் காரில்தான் உங்களுக்கு இன்னும் ரோடு இருக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்றேன் என்று வாய் திறந்து சொல்ல முடியுமா? அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். என்னைக் கஞ்சத்தனம் பிடித்தவள் என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கிளம்பினோம். அவர் பேசவில்லை. ரஸ்தாவில் லாரி இல்லை, அமராவதிபுதூரில் கதை இல்லை, கண்மாயில் தண்ணீர் இல்லை. அந்த மௌனத்தில் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. கோபத்தில் இருக்கிறார், கவனம் எங்கோ இருக்கும், இன்றைக்கும் கோயிலைத் தவறவிட்டுவிடுவார். இந்த ஒன்றாவது அவருக்கு மிஞ்சட்டும். வளைவு வந்தது. மூன்றாவது கியருக்கு இறக்கினேன். வண்டி முனகியது. அது போதாது என்று, என்றைக்கும் அடிக்காத நான் ஒரு ஹாரன் அடித்தேன்.

அவர் கை எழவில்லை. மடியிலேயே கிடந்தது. கோயில் தாண்டியது. பஞ்சர் கடையும் தாண்டியது.

"எப்பத் தெரிஞ்சுச்சு ஒனக்கு?" என்றார்.

"சனிக்கிழம" என்றேன்.

"அந்த வண்டியில எனக்கு ரோடே பிடிபடல. கையி எங்குட்டு எடுக்கன்னு தெரியல. இருந்தாலும் நல்லாருந்துச்சு" என்றார். பிறகு கேட்டார். "அன்னைக்கு எதக் கும்புட்டேன்?"

பொய் சொல்லியிருக்கலாம். புளியமரம் என்றோ, வேறு ஏதாவது கோயில் என்றோ சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை ஷோரூமில் சொன்ன பொய்யே போதும் என்று இருந்தது.

"பஞ்சர் கடைய" என்றேன்.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். எங்கள் வீட்டில் எதற்கும் சிரித்துவிடுகிற மனுசர் அவர்தான். தலையை மட்டும் ஆட்டினார். அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது, முதல் முறையாக, கையை நீட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

பிறகு மதுரைக்குப் போனோம். டாக்டர் டார்ச்சை அணைத்து வைத்துவிட்டு, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார். கார் பேச்சு வீட்டில் வருவதில்லை. ஷோரூமிலிருந்து இன்னும் போன் செய்கிறார்கள், ஆடித் தள்ளுபடி என்கிறார்கள், நானே எடுத்து வேண்டாம் என்று வைத்துவிடுகிறேன். பழைய காரில்தான் போய்வருகிறோம். முனியய்யா கோயில் வளைவில் நான் தினமும் மூன்றாவது கியருக்கு இறக்கி ஒரு ஹாரன் அடிக்கிறேன். அவர் கும்பிடுவதில்லை.