சாக்குத் துணியில் பதினெட்டுக் கதவுகள்

அன்னலட்சுமி இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வருடம் அங்கேயே பால் வெட்டினாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் கலியாணம் ஆனது, புருஷன் செத்ததும் அங்கேதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டில் ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்தை மூடினார்கள். பதினெட்டுக் குடும்பத்தையும் ஒரே காலையில் வேலையிலிருந்து நிறுத்தி, சட்டி பானையை வெளியே வைத்து, அவர்கள் குடியிருந்த காம்பரா அறைகளின் கதவுகளில் குறுக்கே பலகை அடித்தார்கள். அடுப்பிலிருந்த கஞ்சியை இறக்கக்கூட விடவில்லை. இந்தியாவுக்குப் போகச் சொன்னார்கள். அவள் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

கடைவீதி வியாபாரி மீராசாஹிப் பாக்கு மூட்டைகளை அடுக்கும் தன் கிட்டங்கியைக் காலி செய்து கொடுத்தார். குடும்பங்களுக்கு இடையே சேலையைத் தொங்கவிட்டு வாழ்ந்தார்கள்.

பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசானிக்கு இவர்கள்மேல் இரக்கம் வந்தது. குடியிருக்க இடமில்லாத சனத்துக்கு அவள் கொடுத்தது சித்திர வகுப்பு. சனிக்கிழமைதோறும் ஊர் மண்டபத்தில் சாயமும் தூரிகையும் தருவாள், மனப்பாரம் குறையுமாம். ஒழுகாத கூரையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் கிடைக்குமென்று இவர்களும் போனார்கள்.

முதல் நாள் எல்லாரும் பூ வரைந்தார்கள். அன்னலட்சுமி தன் காம்பராக் கதவை வரைந்தாள், பலகையோடு. அதைப் பார்த்த புஷ்பம், "என் கதவையும் போடணும்க்கா" என்றாள். பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். காகிதம் போதவில்லை. மீராசாஹிப் கொடுத்த சாக்குகளைப் பிரித்துத் தைத்து, அவரவர் கதவை அவரவரே எழுதினார்கள். இரண்டு மாதத்தில் முழு லயமும் சாக்கில் வந்துவிட்டது. பதினெட்டுக் கதவு, பதினெட்டிலும் பலகை.

இரத்தினபுரிப் பெரிய உத்தியோகத்தர்களுக்குப் படத்தைக் காட்டத் துரைசானி ஒரு நாள் குறித்தாள். அன்று மண்டபத்துக்குள் நுழைந்த அன்னலட்சுமி படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு பலகையையும் காணோம். அவற்றின்மேல் செவ்வந்திப் பூ மாலைகள் தீட்டப்பட்டிருந்தன.

"இது யாரு செஞ்சது?" என்று துரைசானியின் கிளார்க்கர் ராமச்சந்திரனிடம் கேட்டாள்.

"துரைசானி சொன்னாங்க, நான் தீட்டுனேன். பெரியவங்க பாக்குற படம். அழகா இருக்கணும்ல?"

"அழகாத்தான் இருக்கு. எங்களை வெளிய தள்ளுனது மட்டும் இதுல இல்ல."

மேசையில் கறுப்புச் சாயம் இருந்தது. உத்தியோகத்தர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் அதை எடுத்து முதல் கதவின் பூக்கள்மேல் பலகையை இழுத்தாள். புஷ்பமும் தூரிகையை எடுத்தாள். நன்றி கெட்டவர்கள் என்று துரைசானி சொன்னதை ராமச்சந்திரன் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"கதவப் பூட்டுனதுக்கு நன்றி சொல்லணுமான்னு கேளுங்க ஐயா."

அவர் அதைத் துரைசானியிடம் கேட்காமல் சாயப் புட்டிகளை மூடினார். வகுப்பு அன்றோடு நின்றது. வீடு கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள், சரி. தங்கள் சொந்தக் கதவை உள்ளபடி வரைந்ததற்கா இவ்வளவு கோபம்?

அவர்கள் சுருட்டிக்கொண்டு வந்த சாக்கை, கிட்டங்கியின் வீதியைப் பார்த்த சுவரில் கட்டச் சொன்னார் மீராசாஹிப். கொழும்பு பஸ் நிற்கும் இடம் அது. "மேக்க மொகக்த?" இது என்ன என்று ஒரு சிங்களக் கண்டக்டர் கேட்டார். "அபே கெவல் மஹத்தயா," எங்கள் வீடுகள் ஐயா என்றாள் அன்னலட்சுமி. யார் பலகை அடித்தது என்பதையும் சிங்களத்திலேயே சொன்னாள். கேட்ட எல்லாருக்கும் சொன்னாள்.

இரண்டு வருடத்தில் ரப்பர் விலை ஏறியது. பழைய தோட்டத்துக் கங்காணி ஐயாவு கிட்டங்கிக்கே வந்து, "தோட்டம் தொறந்தாச்சு, வாங்க" என்றார்.

"இனி எங்களை வெளிய போட மாட்டோம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"தொரை அப்படியெல்லாம் எழுதுவாரா புள்ள?"

"அப்ப நான் வரல."

ஒன்பது குடும்பம் போனது. பசிக்கு முன்னால் அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. அன்னலட்சுமி ஒரு சிங்களக் கிராமத்தாரின் சின்ன ரப்பர் காணியில் பால் வெட்டப் போனாள். காணி ஓரத்தில் அவளே மண் குழைத்து ஒரு குடிசை எழுப்பிக்கொண்டாள்.