முள் எடுத்த கை

என் வீட்டுக்காரருக்குக் கோயில் திருவிழாக் கூத்தில் எப்போதும் அழுகிற வேஷம்தான். பிள்ளையைப் பறிகொடுத்த ராஜா, மகளைக் காட்டுக்கு அனுப்புகிற தகப்பன். நன்றாக அழுவார். பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். கூத்து முடிந்து வீட்டுக்கு வந்தால் சோறு ஆறிப்போயிருக்கும். அதற்கு என் கன்னத்தில் விழும். முகத்தில் அரிதாரம் அப்படியே இருக்கும்.

படக்காரர்கள் அந்தக் கூத்தைப் பார்த்துத்தான் இவரைப் பிடித்தார்கள். ஒரு நாவலைப் படமாக எடுத்தார்கள். ரப்பர் மரம் சீவிய கித்தாக் காலத்துத் தோட்டக் கதை. எங்கள் லயத்து வீட்டு வரிசை இன்னும் இடிபடாமல் நின்றதால் இங்கேயே எடுத்தார்கள். கதாநாயகிக்கு அப்பா வேஷம் இவருக்கு. சின்ன வேஷம்தான்.

படம் வந்தது. பேப்பரில் எழுதுகிறவர்கள் கதாநாயகனை விட்டுவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டார்கள். துணை நடிகர் என்று போட்டு, இவர் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லோரும் ஒரே இடத்தைத்தான் எழுதியிருந்தார்கள். மகள் கையில் முள் ஏறிவிடும். அப்பன் ஊக்கை விளக்கில் சுட்டு, முள்ளை நெம்பி எடுத்து, சுண்ணாம்பு வைத்து, உள்ளங்கையில் ஊதுவார். நாவலில் அது இல்லையாம். இவரே சேர்த்ததாம். ஒரு தகப்பனின் பாசம் மொத்தமும் அந்த ஊதலில் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நடந்தது வேறு.

என் மகள் பள்ளி விடுமுறையில் எங்களோடு எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்கு வருவாள். புருஷன் குலை வெட்டினால் பொண்டாட்டி பிள்ளைகள் உதிரிப் பழம் பொறுக்க வேண்டும். அப்படித்தான் வேலை. ஒருநாள் மட்டை முள் அவள் விரலடியில் ஏறிவிட்டது. அழுதாள். இவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தார். காட்டு என்றார். எடுத்துவிடுவார் என்று நினைத்து நீட்டினாள். கட்டைவிரலால் முள்ளை உள்ளே அழுத்தினார்.

"இப்ப அழு."

அவள் அழவில்லை. மிச்சப் பழத்தை இடது கையால் பொறுக்கினாள்.

சாயங்காலம் நான்தான் ஊக்கைச் சுட்டு நெம்பினேன். பாதி முள்தான் வந்தது. சுண்ணாம்பு வைத்தேன். ஊதினேன். இவர் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்த்தார். கை வீங்கிப் பழுத்து, பிறகு சிரம்பான் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். நடுவிரல் இன்றுவரை மடங்காது.

அவள் தன் கல்யாணத்தில் தாரை வார்க்கத் தாய்மாமனை உட்கார வைத்தாள். பெத்தவர் இவர் இருக்கும்போதே. இவர் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவள் தோட்டத்துக்கு வரவேயில்லை. சிரம்பான் பக்கம் தெமியாங்கில் குடும்பம். என்னோடு மட்டும் போனில் பேசுவாள்.

படம் வந்த பிறகு லயத்தில் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. எதிர்வீட்டுக்காரிக்கு எங்கள் வீட்டுச் சத்தம் எல்லாம் தெரியும். குழாயடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"கேமரா இருந்தாத்தான் மனுசன் ஆவாரு போல. வீட்டுலயும் ஒண்ணு மாட்டிடுங்கக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேப்பர்காரத் தம்பி ஒருவர் காரில் வந்தார். ஐயா ஐயா என்று இவர் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு பாசத்தை எங்கே கற்றார் என்று என்னைக் கேட்டார். வீட்டில் பார்த்துக் கற்றார் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

அந்த வாரம் மகள் போன் செய்தாள். படம் பார்த்திருக்கிறாள். பேச முடியாமல் அழுதாள். அப்பா அதை மறக்கவில்லை, வாயால் சொல்லத் தெரியாமல் படத்தில் சொல்லியிருக்கிறார் என்றாள். தோட்டத்தை வீடு கட்டுகிறவனுக்கு விற்றுவிட்டார்கள், லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் தன் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றாள். பின்னால் ஓர் அறை இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக வருகிறேன் என்றாள்.

அவளுக்கு ஒரு பெண்பிள்ளை. இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயசு.

இவர் பையைக் கட்ட ஆரம்பித்தார். நான் கேட்டேன், படத்தில் அந்த முள் காட்சியை அவளுக்காகத்தான் வைத்தீர்களா என்று.

"எவளுக்கு? அழுற மாதிரி ஒண்ணு வேணும்னு டைரக்டர் கேட்டான். நீ பண்ணுனது ஞாபகம் வந்துச்சு. செஞ்சேன்."

"அவ வேற மாதிரி நெனச்சிருக்கா."

"நெனைக்கட்டும்லா. நல்லதாப் போச்சு."

பிறகு என்னைப் பார்த்தார். போய்ச் சொல்லிப் பார் என்றார். சொன்னால் உனக்கும்தான் போக்கிடம் இல்லை என்றார். அது உண்மை. எனக்கு இனிப்புநீர் வியாதி. காலில் புண். வேலைக்குப் போக முடியாது.

ஞாயிறு காலை மகள் பேத்தியோடு வந்தாள். மருமகன் கார் பக்கத்திலேயே நின்றார். மகள் இவர் முன்னால் போய் நின்றாள். இவர் அவள் கையை எடுத்து, மடங்காத விரலைத் தடவி, ஊதினார். படத்தில் போலவே. முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டார். அங்கே கேமரா இல்லை. பழக்கம். மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

பேத்தி இவர் பையை இழுத்து விளையாடினாள். உள்ளே இருந்த, இவர் படம் போட்ட பேப்பர் கிழிந்தது. இவர் குனிந்து பேத்தி கையைப் பிடித்தார். பிள்ளை சத்தம் போடவில்லை. முகம் மட்டும் மாறியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை.

நான் மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். இவர் சொன்னதை இவர் சொன்ன மாதிரியே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பேத்தி கையைப் போய்ப் பார் என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"உங்களுக்குப் பொறுக்கல. கொஞ்ச நாளு எனக்கு ஒரு அப்பா இருந்தாரு. அது உங்களுக்குப் பொறுக்கலம்மா."

"ஆமா."

"அன்னிக்குக் காட்டுல அவரு என் கையப் பிடிச்சப்ப பக்கத்துலதான நின்னீங்க. அப்ப இந்த வாய் எங்க போச்சு?"



மகள் வெளியே போனாள். பிள்ளையைத் தூக்கினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் சிவந்திருந்தது. பிள்ளையோடு காரில் ஏறினாள். என்னை மட்டுமாவது கூப்பிடுவாள் என்று வாசல்வரை போனேன். கதவைச் சாத்திக்கொண்டாள். மருமகன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தார்.

இவர் பையோடு திண்டாடி நின்றார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, இனி உனக்கும் யாரும் இல்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் நன்றாக இருந்தது. கூத்தில்கூட அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது கெமாஸ் பக்கம் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். படத்தில் நடிக்க இவரைக் கூப்பிட இன்னும் சிலர் வருகிறார்கள். நான் தேத்தண்ணி கலக்கிக் கொடுக்கிறேன். மகள் என் போனை எடுப்பதில்லை. பேத்தி இவர் இருக்கிற வீட்டில் வளரவில்லை.