ரோட்ஸ் தீவுக்குப் போக கோர்ஃபுவில் இறங்கிய கதை

கோயிலில் சிலர் சொல்லித் திரிகிற கதை பிழை. கிரேக்க நாட்டில் நான் தொலைந்து போகவில்லை. பொலிஸ் என்னைத் தேடிப் பிடிக்கவுமில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிழையான தீவில் நின்றேன், அவ்வளவுதான்.

கோர்ஃபு துறைமுகத்தின் டீசல் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது... அதோடு பொரித்த மீன், வெயிலில் காய்ந்த கயிறு. இரண்டாயிரத்தின் நடுப்பகுதி, யூன் மாதம், ஒரு புதன்கிழமை. என் கணவர் காலமாகி நான்கு வருடம். தனியாக விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சி மலர் ரொறொன்ரோவில் இருக்கிறாள். அவருடைய செத்தவீட்டுக்கு அவள் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். அதற்குப் பிறகு நான் கடிதம் போடவுமில்லை, ரெலிபோன் எடுக்கவுமில்லை. நான்கு வருடம் கழித்து அவளே எழுதினாள்: “மகன் குடும்பத்தோடை ரோட்ஸ் தீவுக்கு வாறன். ஒரு கிழமை நிப்பம். சனிக்கிழமை ஏதென்ஸிலை திரும்பிப் போற பிளேன். அக்கா, நீ வருவியோ?”

வாறன் என்று ஒரு வரியில் பதில் எழுதினேன்.

நான் இருக்கிற ஊஸ்டர் பட்டினத்தில் விமான ரிக்கெற் போடுகிற பெண் கணினியைப் பார்த்துவிட்டு, ரோட்ஸ் விமானம் நிரம்பிவிட்டது, கோர்ஃபுவுக்கு இடம் இருக்கிறது, ஆனால் அது வேறு கடல் என்றாள். நான் கேட்கவில்லை. “பிள்ளை, நான் தீவுகளுக்குப் பக்கத்தில் பிறந்தவள்” என்று என் ஜெர்மனில் சொன்னேன்.

எங்கள் ஊரில் குறிகட்டுவான் துறைக்குப் போனால் நயினாதீவுக்கும் வள்ளம் இருக்கும், நெடுந்தீவுக்கும் வள்ளம் இருக்கும். காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம் வீட்டுக்கு வந்து குளிக்கலாம். தீவு என்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் பவுல் அப்போஸ்தலர் கப்பலில் போன வழியை நீலக் கோடாகக் கீறிப் பதக்கம் வாங்கியவள் நான். அந்தக் கோடு தீவு தீவாகத் தொட்டுத்தான் போனது.

ஆகவே நேரே கப்பல் ரிக்கெற் யன்னலுக்குப் போய், ரோட்ஸுக்கு அடுத்த கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

உள்ளே இருந்தவர் வயதானவர், நல்ல இங்கிலிஷ். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். நேர அட்டவணைத் தாளைத் திருப்பி வைத்து ஒரு படம் கீறினார்.

நடுவில் பெருநிலம். இடது பக்கம் நாங்கள் நின்ற அயோனியன் தீவுகள். வலது பக்கம் ஈஜியன் கடல். அதன் நடுவில் வட்டம் போட்டாற்போல சிக்ளாடிஸ், வடக்கே ஸ்போரடிஸ், கீழே குறுக்காகப் படுத்திருக்கும் கிரேத்தா. வலது ஓரத்தில், துருக்கிக் கரையோடு ஒட்டி, டொடெகனீஸ் கூட்டம். அதற்குள் ரோட்ஸ்.

“அம்மணி, உங்களுக்கும் உங்கள் தங்கச்சிக்கும் நடுவில் முழுக் கிரேக்க நாடும் கிடக்கிறது.”

என் பயணப் பெட்டிக்கு மேலேயே குந்திவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பயம். வேண்டுமென்றே வராமல் விட்டேன், செத்தவீட்டுக்குப் பழி வாங்கினேன் என்று மலர் நினைப்பாளே... அதற்குப் பிறகு இன்னொரு கடிதம் அவளிடமிருந்து வராது.

ரெலிபோன் கார்ட் வாங்கி, அவள் எழுதியிருந்த ஹோட்டல் இலக்கத்துக்கு எடுத்தேன்.

“எங்கை நிக்கிறாய் அக்கா?”

சொன்னேன்.

மலர் கேட்டாள்:

“அது மற்றக் கரையெல்லோ?”

“ஓம்.”

“நீ ஜோக்ரபியிலை தொண்ணூறு, நான் நாப்பது. அதுக்கு அம்மா என்னை முழங்காலிலை நிக்க விட்டவ.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள், பாருங்கள்... மூச்சு எடுக்க முடியாமல் சிரித்தாள். நானும் அந்த யன்னலடியில் நின்று சிரித்தேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“ஏதென்ஸிலை பிரேயஸ் துறைமுகத்துக்கு வா. நான் இவையளை விட்டிட்டு நாளைக்குக் கப்பலேறுறன். இனி நீ வழி யோசிக்காதை, அந்தக் கிழவனைக் கேள்.”

கிழவரைக் கேட்டேன். அடுத்த நாள் காலை பெருநிலத்துக்குக் கப்பல், பிறகு பஸ், பின்னேரம் ஏதென்ஸ். வெள்ளிக்கிழமை காலை பிரேயஸில் ரோட்ஸ் கப்பல் கதவு திறந்தது. முதலில் லொறிகள் வந்தன, பிறகு சனம், கடைசியில் அவள். தலை முழுக்க நரைத்திருந்தது.

“சாப்பிட்டியோ?” என்றாள். பிறகு, “அத்தானுக்கு நான் வந்திருக்க வேணும்.”

“ஓம், வந்திருக்க வேணும்” என்றேன். அது உண்மை, சொல்லத்தான் வேண்டும். சொன்ன பிறகு அவளுடைய பையை நான் வாங்கிக்கொண்டேன். அடுத்த நாள் அவள் பிளேன் ஏறும்வரை நாங்கள் இரண்டு பேரும் வாய் மூடவில்லை.

இப்போது கைத்தொலைபேசியில் நீலப் புள்ளி ஒன்று நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. ஒருவரும் பிழையான தீவில் இறங்குவதில்லை. நல்லதுதான். ஆனால் வழி கேட்டால் தாளைத் திருப்பிப் படம் கீறித் தருபவர்களும் இல்லை. நானும் மலரும் ஞாயிறுதோறும் வீடியோவில் கதைக்கிறோம். அதில் அவளுடைய நெற்றி மட்டும்தான் தெரிகிறது.

வருகிற வைகாசியில் நடுக் கூட்டத்தில், சிக்ளாடிஸில், ஒரு கிழமை சேர்ந்து இருக்க முடிவெடுத்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் முழங்கால் சரியில்லை. படி குறைந்த தீவு எது, லிப்ற் உள்ள கப்பல் எது என்று போய் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். லைக் போட்டுவிட்டுப் போக வேண்டாம். தீவின் பெயர், ஏற வேண்டிய துறைமுகம், எத்தனை மணித்தியாலம் என்பதைத் தயவுசெய்து இதன் கீழே எழுதி அனுப்புங்கள்.