நூல் நுழைந்த மூக்கு

இன்று காலை அடுப்பில் பால் தீய்ந்து கருகியிருக்கிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "தெருவே நாறுது, இவுக சொகமா பேப்பர் படிக்காக!" என்று ஓடி வந்தாள் வீட்டுக்காரி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் மூக்கு முகத்துக்கு அழகுக்காக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அழகும் சுமார்தான்.

எல்லாம் பாளையங்கோட்டையில் முலாம் பட்டறையில் வேலை பார்த்த காலத்து வினை. சைக்கிள் ஹேண்டில்பாருக்குக் குரோமியம் ஏற்றுவோம். அமிலத் தொட்டியில் கரண்டு பாய்ந்ததும் மஞ்சள் ஆவி கிளம்பும். தும்மினால் கைக்குட்டையும் மஞ்சள். முதலில் மூக்கு எரிந்தது, ரத்தம் வந்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்தவன் அவ்வப்போது ஒரு மூக்குத் துவாரத்தில் மெழுகு தடவிய நூலை விட்டுப் பார்க்க வேண்டும். அது மறு துவாரம் வழியாக வெளியே வந்துவிட்டால் அவன் தேர்ந்த கை. தொட்டியை அவனிடம் நம்பி ஒப்படைப்பார்கள். எங்களில் மூத்தவரான சண்முகம் அண்ணாச்சி நூலின் இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்துக் காட்டிச் சிரிப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டதே, அதை என்ன சொல்ல!

மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் சிமெண்டுத் தரையில் படுப்போம். சற்று நேரத்தில் ஒவ்வொரு மூக்கிலிருந்தும் மெல்லிய விசில் கிளம்பும். யாரோ வெளியே நின்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். ஒருநாள் மற்றவர்கள் எழுந்துபோன பிறகும் அந்தச் சத்தம் கேட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். மூச்சை அடக்கினேன், நின்றது. என் மூக்குதான்.

அன்றே நூல் விட்டார்கள். வலியே இல்லாமல் மறுபக்கம் வந்தது. "ஏலே, பாஸாயிட்டியேடே!" என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார். சுடச்சுட அல்வா வாங்கிவந்தார்கள். நாக்கில் இனித்தது, நெய் வாசம் வரவில்லை.

பிறகு ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மூக்கு நடுச்சுவரையே அமிலம் தின்னுட்டு வே. இனி வாசம் திரும்பாது" என்றார். அன்றோடு வேலையை விட்டேன். அண்ணாச்சி விடவில்லை, நுரையீரல் புற்றில் போய்ச் சேர்ந்தார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

போன வருஷம் அம்மாவின் பதினாறு முடிந்ததும், சேரன்மகாதேவி வீட்டில் தங்கை அம்மாவின் பெட்டியைத் திறந்தாள். ஒரு சேலையை எடுத்து முகத்தில் வைத்தவள் அப்படியே உடைந்துபோனாள். "அண்ணே, அம்மா வாசம் அப்படியே இருக்கு பாரேன்!" என்று என்னிடம் நீட்டினாள். நானும் முகத்தைப் புதைத்து, நெஞ்சு முட்ட இழுத்தேன். துணி சில்லென்று இருந்தது. அதற்குள் அம்மா இல்லை.

"ஆமாட்டி," என்றேன், "அப்படியே இருக்கு."