கிளின்ரன் தோண்டிய விறாந்தை

கிளின்ரனுக்குப் போர்த்துக்கீசம் தெரியாது. ஆனால் அவனுடைய முதலாளி துவார்த்தே தொலைபேசியில் தன் தாய்மொழியில் கதைக்கும்போது யன்னல், மேசை, அலுமாரி, அலவாங்கு என்று, போர்த்துக்கீசர் ஆண்ட காலத்தில் தமிழுக்குள் புகுந்த தெரிந்த சொற்களாக வந்து விழும். மன்னாரில் பிறந்த தச்சனுக்கு அது போதாதா? ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் இருந்த வீட்டில் மனைவி மேரினிடம் வந்து, "அவர் கதைக்கிறது பாதி விளங்குது" என்று பெருமையடித்தான். "மற்றப் பாதி?" என்று கேட்டாள் அவள்.

துவார்த்தே கட்டடக்கலைஞர். ஒஸ்லோவில் சின்னதாக ஓர் அலுவலகம். பெரிய கட்டடங்களின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். நாட்டுப்புறத்துக் களஞ்சியம், ஆட்டுக்கொட்டில் இவைதான் அவருக்குப் பிடிக்கும். படம் கீறுமுன் ஒரு முழு நாள் அந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். மண்ணைக் கிளறாதே, கல்லை அசைக்காதே, புதிதாக வைப்பதை நாளைக்கு ஒருவன் கழற்றிக்கொண்டு போகக்கூடியதாக வை என்பது அவர் கட்சி.

ஒஸ்லோவுக்கு வடக்கே, ஹூர்டாலில் பழைய களஞ்சியமொன்றை வீடாக்கிக்கொண்டிருந்தார்கள். கிளின்ரன் தகுதிகாண் காலத்தில் இருந்தான். இந்த வேலை நல்லபடி முடிந்தால்தான் நிரந்தரம். ஒரு வெள்ளிக்கிழமை துவார்த்தே வாசலில் நின்று தொலைபேசியில் இரண்டு மூன்று தரம் 'வறாண்டா' என்றார். விறாந்தை! இதைப் போய் அவரிடம் கேட்பதா? திங்கள் அவர் வருமுன்னே வாசலுக்கு முன்னால் தூண்களுக்குக் குழி தோண்டத் தொடங்கினான். கடைசிக் குழியில், வாசலருகே நின்ற பேர்ச் மரத்தின் தடித்த வேரொன்று துண்டாகியது.

அந்த மரத்தைப் பார்த்துத்தான் வீட்டின் ஒவ்வொரு யன்னலையும் துவார்த்தே வைத்திருந்தார். கிளின்ரனுக்குக் கை ஓடவில்லை. அப்போதுதான் அந்தச் சொல்லைத் தொலைபேசியில் தேடினான். வந்ததெல்லாம் மேல்மாடிப் பல்கனிப் படங்கள். அவருடைய மொழியில் 'வறாண்டா' என்றால் அதுதான். மேரினுக்கு அழைத்தான்.

"குழியை மூடிவிடட்டே?"

"மூடினா வேர் ஒட்டுமே? அப்பிடியே விடுங்கோ. பொய் மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

துவார்த்தே வந்தார். முழந்தாளிட்டு வேரைத் தடவிப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் கிளின்ரனுக்கு மூச்சு வந்திருக்கும்.

"ஏன் கேட்கவில்லை?" என்றார், இருவருக்கும் பொதுவான நொர்வேஜிய மொழியில்.

"விளங்கிவிட்டது என்று நினைத்தேன்."

"ஒரு சொல்லும் விளங்காதிருந்தால் கேட்டிருப்பாய்."

பிறகு தள்ளிப்போய் யாருடனோ நெடுநேரம் போர்த்துக்கீசத்தில் கதைத்தார். கிளின்ரன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் திரும்பி வந்ததும், வெட்கத்தை விட்டுக் கேட்டான்:

"என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள்?"

"மரத்தைப் பற்றித்தான் கதைத்தேன். உன்னைப் பற்றி மே மாதம் கதைப்போம். இலை வருகிறதா பார்க்கலாம்."

அப்போது ஒக்டோபர். குளிர்காலம் முழுக்க, ஞாயிறு பூசை முடிந்ததும் கிளின்ரன் ஹூர்டாலுக்குக் காரை விட்டான். பனிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தான். எல்லா மரங்களும் மொட்டையாகத்தான் நின்றன. அதில் எது செத்தது, எது உயிரோடிருப்பது என்று அவனால் சொல்ல முடியவில்லை.