பலராமனின் உள்ளங்கால்

முத்தியால்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் பலராமனைத் தெரியாதவன் புதுச்சேரிக்காரனே இல்லை. அஞ்சாங் கிளாஸோடு படிப்புக்கு முழுக்குப் போட்ட ஆள். கம்பியைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி இத்தனாம் நம்பர் என்பார். அளந்து பார்த்தால் அதேதான் இருக்கும். கடலூர் வரைக்கும் போய்த் தேடு, அவருக்கு நிகரா ஒருத்தன் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததுகூட மோட்டார் ரிப்பேருக்குத்தான்.

அப்படிப் போன இடத்தில்தான் பெரிய டாக்டர் விஜயராகவன் குறைப்பட்டுக்கொண்டார். மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள் வார்டு டூட்டியிலேயே கரைந்துபோகிறார்கள், வியாதி ஏன் வருது என்று ஆராய்ச்சி பண்ணக் கற்றுக்கொடுக்க நிதியில்லை என்றார்.

"எரிஞ்ச மோட்டாரை, ஏன் எரிஞ்சுதுன்னு பாக்காம சுத்திக் குடுத்தா, அடுத்த மாசமே திரும்பத் தூக்கிட்டு வந்து நிப்பான்," என்றார் பலராமன். வருஷத்துக்கு ரெண்டு டாக்டருக்குப் பயிற்சிச் செலவு தன்னுடையது என்று அங்கேயே சொல்லிவிட்டார். சொன்னபடி கொடுத்தார்.

முதலில் பயிற்சிக்குத் தேர்வானவள் சுடர்விழி. அறுபது தாண்டியவர்களுக்கு உள்ளங்காலில் எவ்வளவு உணர்ச்சி இருக்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. பயிற்சித் தொடக்க விழா மேடையில் பலராமன் மைக்கைப் பிடித்தார். "மொத ஆளு நான்தான். நல்ல கால் எப்படி இருக்கும்னு என்னை வெச்சுக் கத்துக்கட்டும்."

கைதட்டல் அடங்குவதற்குள் அவர் குனிந்து வலது காலைப் பார்த்துக்கொண்டார். ரெண்டு மாசமாக வலது கால் செருப்பு கழன்று விழுவதே தெரிவதில்லை. நாலு கடை தாண்டிக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். மனைவி செல்வாம்பாளிடம்கூட மூச்சு விடவில்லை. முதலியார்பேட்டை சம்பந்திக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது அவருக்கு முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தாகிவிட்டது.

சோதனை நாளன்று அறை வாசலில் செல்வாம்பாள் கேட்டாள், "ஃபேன் ஓடுது, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"நீ இங்கியே உக்காரு."

உள்ளே சுடர்விழி நைலான் நரம்பு ஒன்றைக் காட்டினாள். "கண்ண மூடிக்குங்க ஐயா. கால்ல தொட்டது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க."

மூடினார். காலில் ஒன்றுமே தெரியவில்லை. இந்நேரம் தொட்டிருப்பாள் என்று கணக்குப் போட்டு, "ம்" என்றார். கொஞ்சம் விட்டு இன்னொரு "ம்". மூன்றாவது "ம்" சொல்லிக்கொண்டே ஒரு கண்ணைத் திறந்தார்.

நைலான் நரம்பு அவள் மடியில் கிடந்தது. அவள் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

நாற்பது வருஷமாக, "மோட்டாரைத் தண்ணியில்லாம ஓட்டவே இல்லண்ணே" என்று முகத்துக்கு நேரே புளுகுகிறவர்களை அவர் கடையை விட்டே விரட்டியிருக்கிறார். இன்றைக்கு அந்தப் புளுகனே இங்கே காலை நீட்டிப் படுத்திருக்கிறான்.

"டாக்டரம்மா, அந்தத் தாளைக் கிழிச்சிடு. நான் சொன்னதெல்லாம் பொய்."

"கிழிக்கக் கூடாதுங்க ஐயா. கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டு, வேற தாள்ல எழுதணும். உங்க காசுல மொத வாரம் அதைத்தான் கத்துக்கிட்டேன்." அவள் குரலில் கோபமில்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வெளியில எங்க வீட்டம்மா இருக்கா. உள்ள வரச் சொல்லு."

செல்வாம்பாள் வந்தாள். அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். சுடர்விழி புதுத் தாளையும் நரம்பையும் எடுத்ததும் பலராமன் கண்ணை இறுக்கி மூடினார். பேனா தாளில் உரசுவது கேட்டது. நின்றது. மறுபடியும் உரசியது.

காலில் ஒன்றும் தெரியவில்லை. இந்தத் தடவை அவர் 'ம்' சொல்லவில்லை.