சாப்பிட வந்த ரஷ்யாக்காரர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அதனால் பன்னிரண்டு வயதிலேயே வீட்டின் சந்தேகங்களைத் தீர்க்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. மருந்துச் சீட்டு, கரண்டு பில், செல்போனில் வரும் செய்தி, எதுவானாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மனிதரையே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அப்பா யாங்கோனில் டாக்சி ஓட்டினார். ஷ்வேடகோன் பகோடா வாசலில் ஏறிய ஒரு ரஷ்யாக்காரர் சில நாட்களாக அவர் வண்டியிலேயே ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அப்பா கீழே தெருவில் நின்றுகொண்டு போன் செய்தார்.

"யாரை வேணாலும் கூட்டிட்டு வருவீங்களா? தம்பி வீட்ல இருக்கான்ல!" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

தம்பி என்றது என் மாமாவை. இந்த நாட்டிலேயே, தாட்டோன் பக்கத்தில் பிறந்தவர். பிறந்ததற்கான தாள் வெள்ளத்தில் போனது. அது இல்லாமல் அடையாள அட்டை கிடைக்கவில்லை. அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு எங்களோடு இருந்தார். வெளியாள் ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு ஆபீசில் பதிய வேண்டிய ஊர் இது. அட்டை இல்லாதவரை எதைக் காட்டிப் பதிவது? யாராவது சொல்லிக்கொடுத்தால் மாமாவையும் பிடிப்பார்கள், இடம் கொடுத்த அப்பாவையும் பிடிப்பார்கள். மாடிப்படியில் பழக்கமில்லாத செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

நான் பால்கனியிலிருந்து கயிற்றில் தெருக்கதவுச் சாவியை இறக்கினேன். சாவியை எடுத்தபடி நிமிர்ந்து சிரித்தவரைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். சப்பை மூக்கு, அகன்ற கன்னம், சின்னக் கண்.

"அம்மா, இந்த ஆளு ரஷ்யாக்காரனே இல்ல. டவுன்ஜி மலையிலேர்ந்து வந்த நம்ம நாட்டு ஷான் ஆளு மாதிரி இருக்கான்."

"போலீசு ஆளா இருக்குமோ? டேய் தம்பி, பாத்ரூமுக்குள்ள போடா!"

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தவும் அவர்கள் படியேறி வரவும் சரியாக இருந்தது.

வந்தவர் அம்மாவைக் கும்பிட்டார். கும்பிடத் தெரிந்திருந்ததே எனக்கு முதல் தடயமாகப் பட்டது. அம்மா என் காதில், "நீதானே படிச்ச புள்ள, இங்கிலீஷுல கேளு. சந்தேகப்படுறது தெரியாத மாதிரி கேக்கணும்" என்றாள்.

நான் சுவரிலிருந்த உலகப்படத்தைக் காட்டி, உங்கள் ஊர் எது என்று கேட்டேன். படத்தின் உச்சி முழுவதும் ரோஸ் நிறத்தில் ரஷ்யா படுத்துக்கிடந்தது. விரல் மாஸ்கோவுக்குப் போகும் என்று காத்திருந்தேன். அதுவோ வலப்பக்கம் வெகுதூரம் நகர்ந்து, மங்கோலியாவுக்கு மேலே நீலக் கோடுபோல் கிடந்த ஒரு ஏரியின் ஓரத்தில் நின்றது. நான் சாண் போட்டு அளந்தேன். அங்கிருந்து மாஸ்கோவைவிட யாங்கோன்தான் கிட்டே இருந்தது.

"அப்ப நம்ம பக்கத்து வீட்டுக்காரர்னு சொல்லு" என்றாள் அம்மா.

அவர் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் ரஷ்யாவிலும் புத்தர் கோயில் உண்டு. மசூதிக்குப் போகிறவர்கள் உண்டு, சிலுவை போடுகிறவர்கள் உண்டு. வடக்கே மானை மாடுபோல் மேய்த்துக்கொண்டு பனியில் கூடாரம் போடுகிறவர்களும் உண்டு. எல்லாரும் ரஷ்யாதான். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் பூகோளம் படித்தபோது அத்தனையும் பாடத்திலேயே வந்தது. அன்றைக்கோ, இவ்வளவு கலந்து கட்டினால் பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினேன்.

விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எங்கள் நாட்டிலும் எட்டு இனம் உண்டு என்று, சயாமா என்று நாங்கள் கூப்பிடும் டீச்சர் வகுப்பில் சொல்லித்தந்தபடி ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: கச்சின், கயா, கயின், சின், மொன், பாமா, ரக்கைன், ஷான்.

அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். முடிந்ததும் விரல்களை அப்படியே என் முன் நீட்டி, "இதில் நீ எது?" என்றார்.

எட்டு விரல்களையும் பார்த்தேன். எந்த விரலிலும் தமிழ் இல்லை. வகுப்பில் எத்தனையோ தடவை ஒப்பித்திருக்கிறேன். அப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாது. பிறகு எனக்குப் பளிச்சென்று விளங்கியது. உளவாளிதான் இப்படிக் கேட்பான். எங்கே வந்து நிற்கிறான் பார்!

"ரஷ்யாக்காரங்க வெள்ளையா இருப்பாங்க. நீங்க யாரு?" என்று இங்கிலீஷில் வெட்டினேன்.

அவர் சிரிப்பு நின்றது. அப்பாவுக்கு என் கேள்வி புரியவில்லை; அந்த முகம் மாறியது புரிந்தது. பேச்சை மாற்ற, சாப்பிடலாம் வாருங்கள் என்று கையால் காட்டி, கை கழுவும் சாடையும் செய்தார். மாமா ஒளிந்திருப்பது அவருக்குத் தெரியாது. அம்மா "ஐயோ, வேணாம்!" என்று கத்துவதற்குள் விருந்தாளி பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே மாமா, ஒரு கையில் தண்ணீர் மொள்ளும் குவளையோடு, காவலுக்கு நிற்கிறவர்போல் விறைத்து நின்றார்.

அப்புறம் இரண்டு பேருடைய வலதுகைகளும் ஒரே சமயத்தில் சட்டைப்பைக்குப் போயின. மாமாவின் குவளை வழுக்கி விழுந்து உருண்டது. விருந்தாளி பையிலிருந்து கருஞ்சிவப்புப் பாஸ்போர்ட்டை எடுத்து, படம் இருக்கும் பக்கத்தை விரித்து மாமாவிடம் நீட்டினார். யாரும் அதைக் கேட்கவில்லை. மாமாவின் கை வெறும் பையைத் துழாவி, அங்கே இருந்த ஒரே பொருளை எடுத்து அதேபோல் நீட்டியது. அது வெற்றிலைப் பொட்டலம்.

விருந்தாளி பொட்டலத்தைப் பார்த்தார். மாமா பாஸ்போர்ட்டைப் பார்த்தார், படிக்கத் தெரியாமல். முதலில் யார் சிரித்தது என்று நினைவில்லை. அப்பா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் பேச்சு இவருக்குத் தெரியாது, இவர் பேச்சு அவருக்குத் தெரியாது. மாமா தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து, விருந்தாளியின் சட்டை நிறத்தையும் கன்னத்து மச்சத்தையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன், பிற்பாடு உதவும் என்று. கேட்காமலே அத்தாட்சியை நீட்டுகிறவன் மடியில் கனமில்லாமலா நீட்டுவான்? இத்தனை நாள் நிழலைக் கண்டாலே ஒதுங்கிய மாமா, ஒரு நிமிஷத்தில் எப்படி ஏமாந்தார்?

அம்மா புளிச்சக்கீரையைப் பரிமாறிக்கொண்டே மெல்லக் கேட்டாள். "என்னங்க, நம்பலாமா?"

"கேக்குறதுக்கு முன்னாடியே கை பைக்குப் போச்சு பாத்தியா? அவனுங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவனுங்கடி" என்றார் அப்பா.

அப்பாவின் அறியாமை எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா பள்ளிக்கூடமே போனதில்லப்பா" என்று திருத்தினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு விருந்தாளிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.